வேலைக் குழுக்கள்: கேள்வி பதில்

வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தெட்டு வருடம் பர்சனல் டிபார்ட்மெண்டில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். ஒரு குழு எப்படி உருவாகிறது, பக்கத்துக் குழுவோடு ஏன் முட்டிக்கொள்கிறது என்பது பற்றிக் கேளுங்கள் என்றேன். வந்த வரிசையிலேயே பதில்கள்.

கேள்வி (மென்பொருள் டீம் லீட், கோவை): புது டீம் போட்டு மூன்று வாரம் ஆகிறது. சேர்தல், மோதல், இசைதல், செயல்படுதல் என்று ட்ரெயினிங்கில் நான்கு படி சொன்னார்கள். எங்களுக்கு இன்னும் மோதலே வரவில்லை. ஏதாவது தப்பா?

பதில்: சண்டை வரவில்லையே என்று வருத்தப்படும் முதல் ஆளைப் பார்க்கிறேன். அந்தப் படிகளை 1965இல் எழுதியவர் புரூஸ் டக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர். அவர் எந்த ஆபீசிலும் உட்கார்ந்து பார்த்து எழுதவில்லை. அதுவரை வந்திருந்த ஏறக்குறைய ஐம்பது ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்தார். அவற்றில் பெரும்பாலானவை மனநல சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியவை. 1977இல் 'கலைதல்' என்று ஐந்தாவது படியும் சேர்ந்தது. அந்தப் படிகளை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

உங்களுக்கு உதவுவது கானி கெர்சிக் என்ற ஆய்வாளர் 1988இல் வெளியிட்டது. கெடு வைத்து வேலை செய்த எட்டுக் குழுக்களை அவர் முதலிலிருந்து முடிவு வரை கவனித்தார். முதல் கூட்டத்திலேயே ஒரு போக்கு படிந்துவிடுகிறது. கெடுவில் ஏறக்குறைய பாதி கழியும்போது திடீரென்று அதைக் கைவிட்டு வேறு வழிக்குத் திரும்புகிறார்கள். சில நாள் வேலையானாலும் சில மாத வேலையானாலும் அப்படித்தான். உங்கள் கெடு எட்டு வாரம் என்றால் நான்காவது வாரம் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். அதற்கு முன் பேசினால் காதில் ஏறாது.

கேள்வி: மெஷின் ஷாப்புக்கும் குவாலிட்டிக்கும் ஓயாத சண்டை. எல்லோரையும் ஏலகிரிக்கு அவுட்டிங் கூட்டிப்போகலாமா?

பதில்: போங்கள், காற்று நன்றாக இருக்கும். திரும்பும் பஸ்ஸில் இரண்டு கும்பலும் தனித்தனியாகத்தான் உட்காரும்.

1954இல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஷெரிஃப் என்ற உளவியலாளர் 22 பையன்களை இரண்டு அணியாக்கிப் போட்டி வைத்தார். பகை மூண்டது. சேர்ந்து சாப்பிடவைத்தார், சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். தண்ணீர் வருவது நின்றபோதும், சாப்பாடு கொண்டுவரும் லாரி கிளம்ப மறுத்தபோதும், இரண்டு அணியும் சேர்ந்தால்தான் ஆகும் என்றான பிறகுதான் பகை தணியத் தொடங்கியது. முன்பு எதிரெதிராக இழுத்த அதே கயிற்றைக் கட்டி எல்லோருமாக லாரியை இழுத்தார்கள். சிறுவர்கள்தான், ஏற்பாடு செய்த சண்டைதான். ஆனாலும் ஷாப் ஃப்ளோரில் நான் கண்டதும் அதேதான்.

எங்களிடம் ரிஜெக்ட் ஆன புஷ்களை (தண்டு பொருந்தும் உருளை வளையங்கள்) ஒரு சிவப்புப் பெட்டியில் போடுவார்கள். மாதக் கடைசியில் மீட்டிங், யார் தப்பு என்று கூச்சல். அப்புறம் தினமும் காலை ஏழு மணிக்கு ஆபரேட்டரும் இன்ஸ்பெக்டரும் சேர்ந்து அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று வைத்தோம். மூன்றாம் நாள் தெரிந்தது: இருவர் கையில் இருந்த, அளவு பார்க்கும் கேஜும் ஒத்துப்போகவில்லை. ஆபரேட்டரின் கேஜ் தேய்ந்திருந்தது. ஆளைக் குறை சொல்லும் முன் வேலை எந்த இடத்தில் இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: லீவு கேட்டால் மேனேஜர் கொடுப்பதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: இது என் கடை இல்லை. தொழிலாளர் துறையில் கேளுங்கள்.

கேள்வி (மில் மேனேஜர்): இன்சென்டிவ் கொடுத்தும் ஆட்கள் ஒரு அளவுக்குமேல் செய்ய மாட்டேன் என்கிறார்கள். சோம்பேறித்தனம்தானே?

பதில்: இல்லை. அமெரிக்காவில் சிகாகோ பக்கத்தில், டெலிபோன் கருவிகள் செய்த ஹாதார்ன் ஆலையில் 1931-32இல் 14 பேரை ஒரு தனி அறையில் வைத்துப் பார்த்தார்கள். நாளைக்கு இரண்டு யூனிட் போதும் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு கணக்கு. தாண்டினால் புஜத்தில் ஒரு குத்து. ரொம்பக் குறைத்தாலும் ஏச்சு. சோம்பேறிகள் குறைப்பவனை ஏன் ஏச வேண்டும்? அதிகம் செய்தால் பீசுக்குத் தரும் ரேட்டைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயம் அது.

மில் மேனேஜர்: அது அமெரிக்கா சார். இங்கே யாரும் ரேட்டைக் குறைப்பதில்லை.

இன்னொருவர் (ஆபரேட்டர்): குறைப்பதில்லையா! டார்கெட் 400. நாங்கள் 430 எடுத்தோம். மறுமாதம் டார்கெட் 440. இப்போது சரியாக 440தான் எடுக்கிறோம்.

மில் மேனேஜர்: அப்படியானால் டார்கெட்டே வைக்க வேண்டாமா?

பதில்: வையுங்கள், தாண்டினால் ஏற்றாதீர்கள். ஆபரேட்டர் தம்பி சொன்னதை ஹாதார்ன்காரர்களிடம் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பார்கள்.

நம் நாட்டுக் கதையே இருக்கிறது. 1953, அகமதாபாத் காலிகோ மில். தானியங்கித் தறி ஷெட்டில் 224 தறி, 29 பேர், 12 விதமான வேலை. நெய்வது ஒருவர், எண்ணெய் விடுவது இன்னொருவர், பெருக்குவது வேறொருவர். ஒரு தறிக்குப் பல பேர் பொறுப்பு, அதாவது யாருக்கும் பொறுப்பில்லை. வேலையிடங்களில் மனித உறவுகளை ஆராயும் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ், ஒரு கூட்டம் தறிக்கு ஒரு சிறு குழு என்று பிரிக்கலாமே என்றார். குழுவுக்கு ஆள் சேர்த்தது தொழிலாளர்களேதான். உற்பத்தி ஏறியது, துணிச் சேதம் இறங்கியது. 1970இல் அதே நிறுவனத்தின் எரிக் மில்லர் திரும்பிப் போய்ப் பார்த்தபோது ஒரு ஷெட்டில் அந்த முறை ஏறக்குறைய அப்படியே இருந்தது, மற்ற இடங்களில் கரைந்திருந்தது. ஒருமுறை அமைத்துவிட்டு மறந்துவிடக்கூடிய விஷயம் இல்லை இது.

கேள்வி: நான்கு படியும் முடிய எத்தனை வாரம் ஆகும்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: ஒரு குழுவில் எத்தனை பேர் இருக்கலாம்?

பதில்: ஐந்து பேர் என்றால் இரண்டிரண்டு பேராகப் பேச 10 வழி. பத்துப் பேர் என்றால் 45. வேலை அனுமதிக்கும் அளவுக்குச் சிறிதாக வையுங்கள்.

கேள்வி: எங்கள் டீமில் இன்னும் மோதல் கட்டம் வரவில்லை...

பதில்: முதல் பதில், முதல் பதில். அதையே அச்சடித்து மாட்டப் போகிறேன்.

மில் மேனேஜர்: கடைசியாக ஒன்று. ஆட்களே செட் சேர்த்துக்கொண்டால் ஊர்க்காரன், சொந்தக்காரன் என்றுதானே சேருவார்கள்?

பதில்: கொஞ்சம் சேருவார்கள். ஆனால் வேலை தெரியாத மச்சானால் தன் சம்பளமும் போகும் என்றால் யோசிப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது யாரும் கூப்பிடாமல் மிஞ்சுபவரை. எங்கள் அசெம்பிளியில் இதைச் செய்தபோது ஒருவர் மிஞ்சினார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார், திமிர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஏன் இவரை வேண்டாம் என்கிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டதில், பிரஸ் ஓடும்போது அவருக்கு இடது காது கேட்பதில்லை என்பது தெரியவந்தது. லைனின் இடது ஓரத்தில், எல்லோரும் வலப்பக்கம் வருகிற மாதிரி நிறுத்தினோம். அடுத்த முறை செட் பிரித்தபோது அவரை இரண்டு செட் கேட்டது.