தண்ணீரும் உரமும் தவறாமல் கொடுத்தும் புல்வெளி திட்டுத்திட்டாக மஞ்சளாகிறது, என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியில் "தவறாமல்" என்ற சொல்லைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் இரண்டு ஆண்டுகள் நானும் எல்லாவற்றையும் தவறாமல், தவறாகவே செய்துகொண்டிருந்தேன். நீங்கள் புது வீட்டுக்குக் குடிவந்தவர் என்றும், புல்லைப் பாயாக வாங்கி விரித்தவர் என்றும், முதல் சில மாதங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்த பிறகே சோதனை தொடங்கியது என்றும் நானாகவே எண்ணிக்கொள்கிறேன். அப்படி இல்லையென்றால் பொறுத்தருளவும்.

விரிக்கும் பாயோடு ஓரிரு சென்டிமீட்டர் மண்தான் வருகிறது. அதிலுள்ள சத்து தீரும்வரை கீழே என்ன கிடக்கிறது என்பதைப் புல் காட்டிக்கொடுப்பதில்லை. என் வீட்டில் மூன்று இடங்களில் திட்டு விழுந்தது. ஒன்று கட்டில் அளவு, மற்ற இரண்டும் முறத்தைவிடச் சற்றுப் பெரியவை. தண்ணீர் போதவில்லை என்று நானே முடிவு செய்து, நாள்தோறும் மாலையில் பத்து நிமிடம் தெளிப்பானை ஓடவிட்டேன். மேலாக நனைத்துக்கொண்டே இருந்தால் வேர் ஆழத்துக்குப் போகாது என்பதும், வாரத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர், அதாவது சதுர மீட்டருக்கு 25 லிட்டர், இரண்டு தவணையாக அதிகாலையில் ஊறவிடுவதே நல்லது என்பதும், இரவெல்லாம் ஈரமாக நிற்கும் இலையில் பூஞ்சை எளிதாகப் பிடிக்கும் என்பதும் பிறகு தெரிந்துகொண்டவை. அடுத்து, சத்துக் குறைவு என்று தீர்மானித்து யூரியாவை அள்ளி விசிறினேன். 46 விழுக்காடு நைட்ரஜன் உள்ள உரத்தைக் காய்ந்த தரையில் அப்படிப் போட்டால் என்ன ஆகுமோ அதுவே ஆயிற்று. மஞ்சளாக இருந்தது கருகிப் பழுப்பானது.

குனிந்து பார்த்திருந்தால் புல்லே சொல்லியிருக்கும். நைட்ரஜன் குறைந்தால் அடியிலுள்ள பழைய இலைகள்தான் முதலில் வெளுக்கும். என் புல்லிலோ புதிதாக வந்த இலைகள் வெளுத்து, நரம்புகள் மட்டும் நீளவாட்டில் பச்சைக் கோடுகளாக நின்றன. அது இரும்புச்சத்து கிடைக்காததன் அடையாளம். மண்ணில் சுண்ணாம்பு மிகுந்துவிட்டால், இரும்பு இருந்தாலும் வேரால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்பது துணிக்கொடிக்குக் கம்பம் நட முயன்ற அன்று தெரிந்தது. பச்சையாக இருந்த ஓரத்தில் கடப்பாரை சுலபமாக இறங்கியது. கட்டில் அளவுத் திட்டில் ஒரு சாண் போவதற்குள் "ணங்" என்று நின்றது. மண்வெட்டியை எடுத்துத் தோண்டினேன். செங்கல் துண்டுகள், உடைந்த ஓடு, மின்கம்பித் துணுக்குகள், வண்ணப்பூச்சு டப்பாவின் மூடி, அவற்றுக்கு அடியில் ஈரம் பட்டு இறுகிப்போன அரை மூட்டை சிமெண்ட். மண்ணில் சுண்ணாம்பு ஏறியது அந்தச் சிமெண்டிலிருந்துதான். சாக்கு மட்கிக் கிழிந்திருந்தாலும் அதன் நெசவு, இழை இழையாக, கல்லின் மேல் அச்சு விழுந்திருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. குழியின் ஓரத்தில் வேர்கள் அந்தக் கல்லைத் தொட்டதும் திரும்பி, தலைமுடி போலப் படுக்கைவாட்டில் ஓடியிருந்தன. வீட்டைக் கட்டிய ஒப்பந்தக்காரரின் ஆட்கள், வேலை முடிந்த நாளில் குப்பையை ஏற்றிச் செல்ல வண்டி வைக்காமல், முற்றத்திலேயே புதைத்து மேலே மண்ணைத் தூவி மட்டம் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மண் தூவியதற்குத் தனியாகக் கூலியும் வாங்கிக்கொண்டார்கள்.

எல்லா மஞ்சள் திட்டுக்கும் இதுவே காரணம் என்று நான் சாதிக்கவில்லை. கையால் இழுத்ததும் புல் ஜமுக்காளம் போலச் சுருண்டு வந்தால் கீழே வேர்ப்புழு இருக்கிறது. நடுவில் காய்ந்து சுற்றிலும் கரும்பச்சை வளையம் கட்டியிருந்தால் அது நாயின் வேலை. புல்வெளி முழுவதும் நுனி மட்டும் வெளுத்திருந்தால் வெட்டும் இயந்திரத்தின் கத்தி மழுங்கியிருக்கலாம். புல்வெளியே வீண் ஆடம்பரம், தண்ணீருக்குக் கேடு என்று அறிவுரை சொல்ல வருகிறவர்களுக்கு ஒன்று: வேர் ஆழமாக இறங்கிய பிறகு நான் விடும் தண்ணீர் முன்பைவிடக் குறைவு. ஆகவே உரக்கடைக்குப் போவதற்கு முன், நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, நனைந்த தரையில் பச்சைப் பகுதியிலும் மஞ்சள் பகுதியிலும் மாறிமாறிக் குத்திப் பாருங்கள். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கம் நின்றால் அங்கேயே தோண்டுங்கள். நான் இரண்டு குழிகளைக் காலிசெய்து, நல்ல மண்ணும் மட்கிய தொழு உரமும் நிரப்பி, ஓரத்துப் புல்லையே பெயர்த்து நட்டேன். மூன்று மாதத்தில் தழைத்துவிட்டது. மூன்றாவது திட்டுக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் போவதால் கடப்பாரை போடத் துணிவில்லை. அங்கே பலகைக் கல் பதித்துவிட்டேன்.

புல்லாவது பிழைத்தது, சுவர்தான் இன்னும் அழுகிறது. வெளியே உள்ள மண்ணின் மட்டம், தரையின் ஈரம் மேலேறாமல் இருக்கச் சுவரின் அடியில் போடும் ஈரத்தடுப்பு அடுக்குக்குக் குறைந்தது 15 சென்டிமீட்டராவது கீழே இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் தூவிய மண் அதற்கு மேலேயே ஏறியிருந்தது. கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஒப்பந்தக்காரர் வந்து சுரண்டி வண்ணம் அடித்தார், மறுபடி பூத்தது, மறுபடி அடித்தார். மூன்றாம் முறை கூப்பிட்டபோது, "நீங்கள் புல்லுக்கு விடுகிற தண்ணீர்தான் சார் ஏறுகிறது, அதற்கு நான் என்ன செய்ய முடியும்?" என்றார். அதில் பாதி உண்மையாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. தெளிப்பானைத் தள்ளி வைத்துவிட்டு, சுவரோரம் ஒரு முழ அகலத்துக்கு மண்ணை வெட்டி எடுத்துச் சரளை நிரப்பியிருக்கிறேன். முழங்கால் உயரத்தில் நின்ற உப்பு இப்போது கணுக்கால் அளவுக்கு இறங்கியிருக்கிறது. அது அங்கேயே நிற்குமா என்று பார்க்கத்தான் சுவருக்கு இன்னும் வண்ணம் அடிக்காமல் வைத்திருக்கிறேன்.