எதை அளந்தார்கள் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: சேலத்தில் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிறேன். ஏற்காடு காபித் தோட்டங்களைப் பாடாய்ப் படுத்தும் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையை செமினாரில் விளக்க வேண்டும். கூகுளில் செய்திகள்தான் வருகின்றன. கட்டுரை கிடைத்தால் பணம் கேட்கிறது, படித்தாலும் தலைகால் புரியவில்லை.

பதில்: ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலருக்குப் போய், பூச்சியின் அறிவியல் பெயரான சைலோட்ரெக்கஸ் குவாட்ரிபெஸ் (Xylotrechus quadripes) என்பதை ஆங்கிலத்தில் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள், செய்திக் குப்பை கழன்றுவிடும். ஏற்காடு என்று சேர்த்துக் குறுக்க வேண்டாம். மத்திய காபி ஆராய்ச்சி நிலையமே சிக்கமகளூர் பக்கம் பாலேஹொன்னூரில்தான் இருக்கிறது. கட்டுரையில் அதை எழுதியவர்களே செய்த சோதனையும் அதன் முடிவுகளும் இருக்க வேண்டும். பிறர் வேலையைத் தொகுத்திருந்தால் அது ரிவ்யூ, செமினாருக்கு ஆகாது, ஆனால் அதன் கடைசியில் உள்ள மேற்கோள் பட்டியலில் உங்களுக்கு வேண்டியது மாட்டும்.

காசு கட்டாதீர்கள். தேடல் முடிவின் கீழே உள்ள மற்ற பதிப்புகளைத் திறந்து பாருங்கள், இலவச பிடிஎஃப் இருக்கலாம். ஆய்விதழ்களைப் படிக்க 2025-இல் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் அரசுக் கல்லூரிகளுக்கானதுதான், நூலகரிடம் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் கட்டுரையை எழுதியவருக்கே நாலு வரி மெயில் போடுங்கள், கூச்சமே வேண்டாம்.

அப்புறம் படிப்பது. முன்னுரையில் மாட்டிக்கொள்ளாமல், சுருக்கத்தைப் படித்ததும் நேராகப் படங்களுக்குப் போங்கள். இந்த இனத்தில் ஆண் வண்டு விடும் வாசனைக்குத்தான் பெண் வருகிறது, அதை வைத்துப் பொறி செய்கிறார்கள். உங்கள் கட்டுரை அதைப் பற்றியது என்றால், கிராஃபின் நெடு அச்சில் என்ன எழுதியிருக்கிறது? 'ஒரு பொறிக்கு விழுந்த வண்டுகள்' என்றால் அவர்கள் அளந்தது வண்டைத்தான், செடிக்கு நேர்ந்த சேதத்தை அல்ல. முடிவுரையில் பொறி தோட்டத்தைக் காக்கும் என்று எழுதியிருந்தாலும், அந்தப் படம் அதைக் காட்டவில்லை. பெரும்பாலான மாணவர்கள் சறுக்குவது இங்கேதான். வாசனை வைக்காத வெறும் பொறியும் கூடவே இருந்ததா, எத்தனை பொறி, எந்த மாதம் என்பதை எல்லாம் செய்முறைப் பகுதியில் தேடி எடுங்கள்.

செமினாரில் எல்லாப் படங்களையும் காட்ட வேண்டாம், முக்கியமான ஒன்று போதும். ஸ்லைடு வந்ததும் முடிவுக்குப் பாயாமல் முதலில் அச்சுகளைச் சொல்லுங்கள், பிறகு அளந்ததையும் கட்டுரை ஆசிரியர்கள் அதிலிருந்து ஊகித்ததையும் தனித்தனியே சொல்லுங்கள். அடுத்து என்ன சோதனை செய்யலாம் என்று கேட்டால் தயங்காதீர்கள்: இந்த வண்டின் புழு மாதக்கணக்கில் தண்டுக்குள்ளேயே இருப்பதால், பொறி வைத்த தோட்டத்திலும் வைக்காத தோட்டத்திலும் அடுத்த பருவத்தில் துளைபட்ட செடிகளை எண்ண வேண்டும்.