காலடியில் இருப்பது கல்தான், கல்லறை அல்ல

கேள்வி: சென்னைக் கோட்டைக்குள் செயின்ட் மேரீஸ் தேவாலயத்தைச் சுற்றிக் கல்லறைகள் மேலேயே ஆட்கள் நடந்து போகிறார்கள். செத்தவர்களுக்கு இதைவிட அவமரியாதை உண்டா? வேலி போட்டு மூடக் கூடாதா?
– வாசகர், அம்பத்தூர்

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது, இடம்தான் தப்பு. அந்தக் கற்களுக்கு அடியில் அவற்றில் பெயர் உள்ளவர்கள் இல்லை.

முன்பு சட்டக் கல்லூரி வளாகமாக இருந்த பக்கத்தில்தான் பழைய ஆங்கிலேயர் இடுகாடு இருந்தது. சமாதிகளை உயரமான கூம்பும் வளைவுமாகக் கட்டியிருந்தார்கள். கோட்டைக்கு எதிரே இப்படிக் கட்டி வைத்ததன் விலை 1758 டிசம்பரில் தெரிந்தது. முற்றுகையிட்ட லாலியின் பிரெஞ்சுப் படை அந்தச் சமாதிகளையே மறைப்பாக வைத்துக்கொண்டு கோட்டையைத் தாக்கியது. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. பிறகு ஆங்கிலேயரே சமாதிகளை இடித்தார்கள். எழுத்துள்ள பலகைக் கற்களை மட்டும் கொண்டுவந்து தேவாலயத்தைச் சுற்றிப் பாவினார்கள். உடல்கள் அங்கேயே கிடந்தன. கற்களுக்கும் நிம்மதி இல்லை. ஹைதர் அலி போரின்போது, 1782இல், அவற்றைப் பெயர்த்துப் பீரங்கிகளுக்கு அடியில் போட்டார்கள். சில கற்கள் உடைந்திருப்பதையும் வரிசை குலைந்திருப்பதையும் பார்த்துவிட்டு இன்றைய பராமரிப்பை மட்டும் திட்டாதீர்கள்.

உண்மையான கல்லறைகள் தேவாலயத்துக்குள்ளே உண்டு. சென்னை கவர்னராக இருந்த சர் தாமஸ் மன்றோ அங்கேதான் இருக்கிறார். ஆனால் அதே தேவாலயத்தில் சலவைக்கல் நினைவுச்சின்னம் உள்ள ஜெர்மன் பாதிரியார் ஸ்வார்ட்ஸ் ஐயர் புதைக்கப்பட்டது தஞ்சாவூரில். கல் இருக்கும் இடத்தில் ஆள் இருப்பார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மரியாதையைப் பற்றிக் கவலைப்படுகிறவர் அந்தப் பழைய சட்டக் கல்லூரி வளாகத்துக்குப் போக வேண்டும். இடிபடாமல் தப்பிய கூம்புச் சமாதி ஒன்று அங்கே நிற்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸ் 1680இல் அதில் புதைக்கப்பட்டார். அவருடைய மனைவி கேத்தரின் அதே ஆண்டில், பின்னாளில் சென்னை கவர்னரான எலிஹு யேலை மறுமணம் செய்தார். அவர்களுடைய மகன் டேவிட் 1688இல் சிறு குழந்தையாக இறந்தபோது அதே சமாதியில் வைத்தார்கள். அதை வேறு இடத்துக்கு மாற்றும்படி 2023இல் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி உத்தரவிட்டார். வாகன நிறுத்தம் கட்ட இடம் வேண்டுமாம்! கற்களை ஒருமுறை இடம் மாற்றியதால்தான் இன்று நீங்களே குழம்பிப்போய் இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள்.

வேலி வேண்டியதில்லை. எழுத்தைத் தேய்ப்பது செருப்பில் ஒட்டிய மணல். எழுத்துள்ள கல்லை விட்டு ஓரமாக நடந்தால் போதும். படிப்பதற்காகச் சாக்பீஸ் தேய்ப்பதும் கம்பி பிரஷ் போடுவதும் வேண்டாம். காலை ஏழெட்டு மணிக்கோ சாயங்காலமோ போங்கள். சாய்ந்த வெயிலில் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழும்பும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. மேகமாக இருந்தால் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஆங்கிலம் மட்டும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். லத்தீன், போர்த்துகீசியம், ஆர்மீனியன் எல்லாம் உண்டு. ஆங்கிலேயர் கற்களில் மிகப் பழையது 1652ஆம் ஆண்டின் எலிசபெத் பேக்கர் கல். சென்னைக்கு வரும் கப்பலிலேயே இறந்துபோனவர் அவர்.

தேதியைக் குறிக்கும்போது கவனம். 1752க்கு முன் ஆங்கிலேயருக்கு ஆண்டு பிறந்தது மார்ச் 25இல். ஆகவே ஒரு ஆங்கிலக் கல்லில் ‘பிப்ரவரி 1685’ என்று மட்டும் இருந்தால், நம் கணக்கில் அது பெரும்பாலும் 1686.