பனிக்கட்டியைச் சூடாக்கிப் பார்க்கும் பெண்ணை மருத்துவத்துக்குத் தள்ளலாமா?

பள்ளி இறுதி ஆண்டு மகளைப் பற்றி அம்மா ஒருவர் கேட்டிருக்கிறார். உயிரியலில் மதிப்பெண் சுமார், வேதியியலில் நன்று. சொந்தக்காரர்கள் எல்லோரும் மருத்துவம்தான் என்கிறார்கள். இந்த முறை இடம் கிடைக்காவிட்டால் ஓராண்டு வீட்டிலிருந்து மறுபடி எழுதட்டும் என்பது பெரியப்பாவின் தீர்ப்பு. மகளோ பனிக்கட்டியைச் சூடாக்கி, நிமிடத்துக்கொரு முறை வெப்பநிலையைக் குறித்துக்கொண்டிருக்கிறாள். "இதை வைத்து என்ன வேலை கிடைக்கும்?"

கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகும் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. அவளை மருத்துவத்துக்கு அனுப்பாதீர்கள். ஏற்கெனவே பிடிக்காத உயிரியலை இன்னோர் ஆண்டு உட்கார்ந்து படிக்கச் சொல்வதால் அது பிடித்துப்போகாது. பயிற்சிக் கட்டணத்தைப் பெரியப்பா கட்டப்போவதுமில்லை.

நீங்கள் விளையாட்டு என்று நினைக்கும் அந்தக் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள். அடுப்பு எரிகிறது, கட்டி உருகுகிறது, வெப்பமானி மட்டும் 0 டிகிரியை விட்டு நகரவில்லை. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிராம் நீரை 0-விலிருந்து கிட்டத்தட்ட 80 டிகிரிக்கு ஏற்றிவிடும். அவ்வளவும் துகள்களின் பிடியைத் தளர்த்தவே செலவாகிறது. பருப்பொருளும் ஆற்றலும் என்று பாடத்தில் வருவது இதுதான். உள்ளுறை வெப்பத்தின் வரையறையை மனப்பாடம் செய்துவிட்டுப் பலர் தாண்டிப்போகும் இடத்தில் இவள் நின்று அளந்திருக்கிறாள்.

ஆசிரியர் பணி, மருந்து ஆய்வகம், ஆராய்ச்சிப் பட்டம் எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன். யாரும் எடுத்துச் சொல்லாத வேலை ஒன்று இருக்கிறது: வேதி ஆலைகளுக்கான வெப்பப் பாதுகாப்பு ஆய்வு.

ஆய்வகக் குடுவையில் சாதுவாக நடக்கும் வினை, ஆலைக் கலனில் அப்படி நடக்காது. கலனின் நீள, அகல, உயரம் பத்து மடங்கானால் உள்ளே பிறக்கும் வெப்பம் ஆயிரம் மடங்கு. அது வெளியேறும் பரப்போ நூறு மடங்குதான். மிஞ்சிய வெப்பம் வினையை விரைவாக்கும், விரைந்த வினை இன்னும் வெப்பம் தரும். 2007 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில், டி2 லேபரட்டரீஸ் ஆலையில் குளிரூட்டல் தவறிய கலன் இப்படித்தான் வெடித்தது. 4 பேர் இறந்தார்கள். விசாரித்த வேதிப் பாதுகாப்பு வாரியம், இந்த ஆபத்தை வேதிப் பொறியியல் பட்டப்படிப்பிலேயே கற்பிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

கலனில் ஊற்றுவதற்கு முன்பே இதைக் கணிப்பதுதான் அந்த வேலை. டி.எஸ்.சி. என்ற கருவியில் சில மில்லிகிராம் பொருளைச் சிறு உலோகக் கிண்ணத்தில் அடைத்து, பக்கத்தில் வெற்றுக் கிண்ணம் ஒன்றை வைத்து, இரண்டையும் ஒரே சீராகச் சூடாக்குவார்கள். இரண்டுக்கும் போகும் வெப்பத்தின் வித்தியாசம் வரைகோடாக விழும். கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க இண்டியம் உலோகம்: அது 156.6 டிகிரியில் உருக வேண்டும். பெரிய தவறு நடப்பது கிண்ணத்தின் மூடியில். கசிந்தால் கரைப்பான் ஆவியாகும். ஆவியாதல் வெப்பத்தை விழுங்குவதால், பொருள் சிதையும்போது வெளிவரும் வெப்பம் வரைகோட்டில் தெரியாமல் போகும். ஆபத்தில்லை என்று அறிக்கை போய்விடும். அதனால்தான் இந்தச் சோதனைக்கு அழுத்தம் தாங்கும் மூடிய கிண்ணம் கேட்பார்கள்.

அடுத்தது வினைக் கலோரிமீட்டர், வினை நடக்கும்போதே வெளிவரும் வெப்பத்தை அளக்கும் கருவி. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடும்போது வெப்பமும் கூடவே வருகிறதா என்று அதில் பார்ப்பார்கள். குளிர்ச்சி அதிகமானால் சேர்த்த பொருள் வினைபுரியாமல் தேங்கும். பிறகு மொத்தமாகக் கிளம்பும். கலன் குளிர்ந்திருக்கிறதே என்று நிம்மதியடைபவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பணியிடங்கள் குறைவு, அறிக்கை எழுதுவது அதிகம், வெப்ப இயக்கவியல் கணக்கிலிருந்து தப்ப முடியாது. நுழைய வேதியியல் அல்லது வேதிப் பொறியியல் பட்டம் போதும். பள்ளி முடித்ததுமே 'பாதுகாப்பு' என்று பெயர் ஒட்டிய விலை உயர்ந்த படிப்பு எதற்கும் பணம் கட்டாதீர்கள். வீட்டை அடகு வைத்துச் சேர வேண்டிய கல்லூரி என்றால், எந்தப் பாடமானாலும் வேண்டாம். கல்லூரியில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: டி.எஸ்.சி. கருவியை மாணவர்கள் கையால் இயக்குகிறார்களா, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறார்களா?

அதற்கு முன் அவள் மனம் எதில் இருக்கிறது என்று பார்க்கலாம். பள்ளி ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னிலையில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து செய்யட்டும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தெர்மாகோல் கோப்பை, மூடி, 0.1 டிகிரி காட்டும் வெப்பமானி. ஒரு மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லி, ஒரு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மில்லி. கலக்குமுன் இரண்டின் வெப்பநிலையையும் நிமிடத்துக்கொரு முறை நான்கு நிமிடம் குறிக்க வேண்டும். கலந்தபின் அரை நிமிடத்துக்கொரு முறை ஐந்து நிமிடம், கிளறிக்கொண்டே.

கணக்குப்படி 6.8 டிகிரி ஏற வேண்டும். அவ்வளவு ஏறாது, அரை டிகிரி போலக் குறைவாகவே நிற்கும். மூடி வழியே போனதா, கோப்பையும் வெப்பமானியும் எடுத்துக்கொண்டனவா, அமிலத்தின் செறிவே குறைவா, கிளற மறந்தாளா? வரைபடத்தின் இறங்குகோட்டைக் கலந்த நொடிவரை பின்னோக்கி நீட்டினால் இழப்பில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். காணாமல்போன அந்த அரை டிகிரியைத் தேடி இரண்டாம் முறை, மூன்றாம் முறை தானே செய்கிறாளா என்று கவனியுங்கள். 6.8 என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், இந்தத் துறையையும் நான் வற்புறுத்தமாட்டேன், வேறு பேசுவோம். எப்படியானாலும் அடுத்த முறை வரும்போது திருத்தாத அந்தத் தாளைக் கொண்டுவாருங்கள், மதிப்பெண் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.