மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த பென்டிரைவ் இயங்குதளத்தால் நடைமுறையில் என்ன பயன்?

பெங்களூரு மடிவாளாவில் தங்கியிருக்கும் பிஜி விடுதியில் நாலு பேருக்கு ஒரே கணினி என்கிறீர்கள். அப்படியென்றால் உங்களுக்கு இது நிச்சயம் உதவும். எஸ்.பி. ரோட்டில் ஒரு நல்ல பென்டிரைவ் வாங்கி (8 ஜிபியாவது வேண்டும்) டெயில்ஸை (பென்டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸ் இயங்குதளம்) ஏற்றி, அதிலிருந்தே கணினியைக் கிளப்புங்கள். நீங்களாகத் திறந்தாலொழிய உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை அது தொடாது. அணைத்ததும் நீங்கள் பார்த்த பக்கங்களின் சுவடு அந்தக் கணினியில் தங்காது.

ஆதார், பான் ஸ்கேன், கடவுச்சொற்கள் போன்றவற்றை அதிலேயே மறையாக்கம் செய்த சேமிப்பகத்தில் வைக்கலாம். மெஜஸ்டிக் பஸ்ஸில் தொலைந்தாலும் எடுத்தவரால் படிக்க முடியாது. ஆனால் கடவுச்சொல்லை நீங்களே மறந்தால் அதோகதிதான், வேறொரு நகல் அவசியம்.

நெட் பேங்கிங்குக்கு டெயில்ஸ் தோதுப்படாது. எல்லாம் டார் (நீங்கள் யார், எங்கிருக்கிறீர்கள் என்பதை மறைக்கும் வலையமைப்பு) வழியாகப் போவதால் வங்கித் தளங்கள் சில சமயம் தடுத்துவிடும். அதற்கு, நிறுவும்போதே மறையாக்கம் செய்த உபுண்டு (டார் வழியாகப் போகாத சாதாரண லினக்ஸ்) பென்டிரைவ் தேவலை. விண்டோஸ் படுத்துவிட்டால் கோப்புகளை மீட்கவும் அது கைகொடுக்கும். விண்டோஸின் வட்டு மறையாக்கமான பிட்லாக்கர் போட்டிருந்தால் மட்டும் மீட்புச் சாவி வேண்டும்.

ஆபீஸ் லேப்டாப்பில் முயல வேண்டாம், பெரும்பாலும் யூஎஸ்பியிலிருந்து கிளப்புவதை முடக்கியிருப்பார்கள். கீபோர்டு வயரில் யாராவது கீலாகர் (தட்டும் எழுத்துகளைப் பதிவு செய்யும் கருவி) செருகியிருந்தால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது.