பைக் பிரேம் வேலைக்கு முதல் வெல்டிங் மெஷினாக, கேஸ் தேவைப்படாத மிக் மெஷினை வாங்கலாமா?

வாங்க வேண்டாம். (மிக் என்றால் ராடுக்குப் பதிலாகக் கம்பி தானாக வந்துகொண்டே இருக்கும் வெல்டிங்.) கேள்வி கேட்டவர் 15,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும், சிலிண்டர் தூக்கி அலைய முடியாது, பிரேம் விரிசல், ஸ்டாண்டு, கேரியர் ஆகிய வேலைகளைச் சொந்தமாகச் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறார். வீட்டை ஒட்டிய ஷெட்டில் சிங்கிள் பேஸ் கரண்டில் வேலை தொடங்கப் போகிறவர் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். அப்படிப்பட்டவருக்கு ஏற்றது, ராடு எனும் வெல்டிங் குச்சியை எரித்துப் பற்றவைக்கும் டி.சி. இன்வெர்ட்டர் ஆர்க் மெஷின்தான். அதிலும் லிப்ட் டிக் வசதி (டங்ஸ்டன் முனையை இரும்பில் தொட்டு எடுத்து, ஆர்கான் கேஸின் காப்பில் பற்றவைக்கும் முறை) உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். இன்று ராடு போட்டுப் பழகலாம், நாளை கையில் பணம் புரளும்போது டார்ச்சும் ஆர்கான் சிலிண்டரும் சேர்த்துக்கொண்டு அதே மெஷினில் மெல்லிய குழாய்களைச் சுத்தமாகப் பற்றவைக்கலாம்.

நான் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையே சாலையோரத்தில் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பைக் பிரேம் உடைவதற்கு முதல் காரணம் வேகமோ விபத்தோ இல்லை, உப்பு. பாம்பனிலும் மண்டபத்திலும் மீன் எடுத்து ஊருக்குள் கொண்டுபோய் விற்பவர்கள் எக்ஸெல் வண்டியின் பின்னால் பெட்டி கட்டி, அதில் மீனும் ஐஸுமாக நிரப்பிக்கொண்டு போகிறார்கள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பெட்டியின் அடியிலிருந்து சொட்டிச் சொட்டிப் பின்பக்கச் சட்டத்தின் குழாய்க்குள் இறங்கி, வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே இரும்பைத் துரு தின்ன விட்டுவிடும். அப்படிப்பட்ட குழாயைச் சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும். செத்த இடத்தில் சத்தம் அடங்கிப்போகும். ஓட்டை போட்டுச் சாய்த்துப் பிடித்தால் மீன் நாற்றத்தோடு பழுப்புத் தண்ணீர் வடியும்.

அப்படி ஒரு வண்டியை மீன் வியாபாரி ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். வேறொரு பட்டறையில் பற்றவைத்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், பற்று வைத்த இடத்துக்கு ஒட்டினாற்போல் மறுபடியும் வாய் பிளந்திருந்தது. "அண்ணே, வெல்டிங் பார்க்க அவ்வளவு நல்லா இருந்துச்சே" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நல்லாத்தான் இருந்தது, கிரைண்டர் போட்டு மழமழவென்று ஆக்கி, மேலே கறுப்புப் பெயின்டும் அடித்திருந்தார்கள். நான் அந்த இடத்தைக் குறுக்கே அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அவர் கையிலேயே கொடுத்தேன். பற்று உலோகம் குழாயோடு உருகிச் சேராமல் அதன் மேல் படுத்திருந்தது. இரண்டுக்கும் நடுவே முடி கனத்தில் ஒரு கறுப்புக் கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடியது. பற்றுவதற்கு முன்பு போட்ட கிரைண்டர் கீறல்கள்கூட அந்தக் கோட்டுக்குக் கீழே அழியாமல் இருந்தன.

அந்த வேலையைச் செய்தவரைப் பிறகு விசாரித்தபோது, அவர் சோம்பேறியும் இல்லை, ஏமாற்றுக்காரரும் இல்லை என்று தெரிந்தது. கேஸ் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் முதல் நாளே வெல்டிங் செய்யலாம் என்று சொல்லி அவருக்கு அந்த மெஷினை விற்றிருக்கிறார்கள். கேஸ் இல்லாமல் ஓடும் பிளக்ஸ் கம்பிக்கு (உள்ளே மருந்துப்பொடி அடைத்த கம்பி) டார்ச் நெகட்டிவில் இருக்க வேண்டும், கேஸோடு ஓடும் சாதாரணக் கம்பிக்கு டார்ச் பாசிட்டிவில் இருக்க வேண்டும் என்ற ஒரே ஒரு விஷயத்தை விற்றவர் சொல்லவே இல்லை. மெஷின் பெட்டியிலிருந்து வந்தபடியே பாசிட்டிவில் ஓடிக்கொண்டிருந்தது. பொறி பறக்கிறது என்று அவர் கரண்டைக் குறைத்திருக்கிறார்; குறைத்ததால் பிடிப்பு இன்னும் போய்விட்டது. பிரேம் வேலையில் மிக் மெஷினைப் புதியவர் கையில் கொடுக்க நான் அஞ்சுவது இதனால்தான். கம்பி தானாக வந்து விழுந்துகொண்டே இருப்பதால், கீழே இருக்கும் இரும்பு உருகியிருக்கிறதோ இல்லையோ, மேலே பற்று மட்டும் வரிசையாக அமைந்துவிடும். ராடிலோ டிக்கிலோ உருகிய இரும்பின் குளம் சரியாக உருவாகவில்லை என்றால் அது உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும், ஒட்டாது, உருண்டு நிற்கும், நீங்களே நிறுத்திவிடுவீர்கள்.

மிக் மெஷின் வைத்திருக்கும் நண்பர்கள் கோபப்பட வேண்டாம். கம்பெனியில் பிரேமைப் பெரும்பாலும் மிக் முறையில்தானே செய்கிறார்கள் என்று கேட்பீர்கள், உண்மைதான். அங்கே குழாய் புதியது, துரு இல்லை, ஜிக் எனும் பிடிசட்டத்தில் அசையாமல் பிடித்திருக்கிறார்கள், வோல்டேஜும் கம்பி வேகமும் சோதித்துக் குறித்து வைத்தவை, கேஸ் தடையில்லாமல் வருகிறது. நம்மிடம் வருவது உப்பு தின்ற குழாய். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது திறந்த ஷெட்டில் கேஸ் போட்டு மிக் ஓட்டினால் கேஸ் காற்றோடு போய்ப் பற்று முழுவதும் துளைத்துளையாக வரும். காற்று டிக்குக்கும் எதிரிதான், மறுக்கவில்லை. ஆனால் பிரேமை உள்ளே கொண்டுபோய்த் தார்ப்பாய் கட்டிச் சிறிய இடத்தில் செய்யக்கூடிய நிதானமான வேலை அது. ராடுக்கோ அந்தக் கவலையே பெரிதாக இல்லை. பழைய ஆட்கள் கேஸ் வெல்டிங்கிலும் பித்தளைப் பற்றிலும் செய்த வேலைகளையும் நான் குறைத்துப் பேசவில்லை. முதல் மெஷினாக அதைச் சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்.

இனி மெஷினைப் பற்றி. மேலே 200 ஆம்பியர் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். 2 மி.மீ. கனமுள்ள குழாயை டிக்கில் பற்றவைக்க ஏறத்தாழ 70, 80 ஆம்பியர் போதும், 2.5 மி.மீ. ராடு 60 முதல் 90 ஆம்பியருக்குள் ஓடும், 2 மி.மீ. ராடுக்கு 40 முதல் 60. உண்மையாக 140, 160 ஆம்பியர் தரும் மெஷின் இருந்தால் பைக் வேலைக்குத் தாராளம். பார்க்க வேண்டியது டியூட்டி சைக்கிள். 160 ஆம்பியரில் 60 சதவீதம் என்றால், பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டி நான்கு நிமிடம் ஓய்வு தரலாம் என்று பொருள். அந்தக் கணக்கைப் பொதுவாக 40 டிகிரி வெப்பத்துக்குப் போடுகிறார்கள். சித்திரை, வைகாசியில் தகரக் கொட்டகைக்குள் அதைவிடக் கூடுதலாகவே கொதிக்கும் என்பதால், அச்சிட்டதில் கொஞ்சம் கழித்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

கடையிலேயே சோதித்து வாங்குங்கள். ஒரு இரும்புப் பட்டையையும் 3.15 மி.மீ. ராடுகளையும் கையோடு கொண்டுபோய், இடைவெளி விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக எரித்துப் பாருங்கள். நல்ல மெஷின் முனகாமல் எரிக்கும். கூடக் கொடுக்கும் கேபிளில் ஒரு இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அது சூடாகி ஆம்பியரைத் தின்றுவிடும், உப்புக் காற்றில் முனைகள் சீக்கிரம் பொரிந்துபோகும். எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் முக்கியம்: உள்ளே இருக்கும் போர்டுகளின் மேல் பாதுகாப்புப் பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். மெஷினின் பேன் கடற்காற்றையும் கிரைண்டிங் தூசியையும் சேர்த்து உறிஞ்சுவதால், பூச்சு இல்லாத போர்டில் உப்பு படிந்து ஈரத்தில் ஷார்ட் ஆகிவிடும். வேலை முடிந்து மெஷின் ஆறிய பிறகு மூடி வைத்து, அவ்வப்போது பிளக்கைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த காற்றால் ஊதிவிடுங்கள்.

லிப்ட் டிக் என்று சொல்லும் சிறிய மெஷின்கள் பலவற்றில் கேஸைத் திறந்து மூடும் வால்வு உள்ளே இருக்காது. அதற்குக் கைப்பிடியிலேயே வால்வு உள்ள டார்ச் வாங்க வேண்டும். டிக்குக்குச் சுத்தமான ஆர்கான்தான். மலிவு என்று கார்பன்-டை-ஆக்சைடைப் போட்டால் டங்ஸ்டன் முனை எரிந்துவிடும். சிவப்பு முனை டங்ஸ்டனில் தோரியம் கலந்திருக்கும், தீட்டும்போது வரும் தூசி உடம்புக்கு ஆகாது என்பதால் சாம்பல் நிற முனையைக் கேட்டு வாங்குங்கள். இரும்புக்கு மட்டுமே இந்த மெஷின். டியூக்கின் ஸ்விங் ஆர்ம் போன்ற அலுமினியப் பாகங்களுக்கு ஏ.சி. டிக் வேண்டும், அந்த வேலை வந்தால் இப்போதைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ராடு விஷயத்தில் எனக்குள்ள வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்துச் சில ஹார்டுவேர் கடைகளில் பாக்கெட்டைப் பிரித்து எண்ணிக்கைக்கு ராடு விற்கிறார்கள். கடற்காற்றில் நாள்கணக்கில் திறந்து கிடந்து ஈரம் குடித்த ராடை வாங்கி வந்து, பற்று துளை விடுகிறது, மெஷின் சரியில்லை என்று பையன்கள் மனம் உடைந்துபோகிறார்கள். வாங்குகிறவன் ஏழை என்பதால் கெட்ட சரக்கு போதும் என்று நினைப்பது எனக்குத் தாங்கவில்லை. முழுப் பாக்கெட்டாக 6013 என்ற ரக ராடு வாங்கி, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். 7018 ரகம் வலுவானது என்று பலரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் திறந்துவிட்டால் 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் வைத்துக் காய்ச்சாமல் அதன் பலன் கிடைக்காது. அந்த அடுப்பு உங்களிடம் இருக்காது.

பற்றவைக்கும் முன்பு டேங்கைக் கழற்றி வெளியே வையுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டியாக இருந்தால் ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) இணைப்பையும், ஏ.பி.எஸ். இருந்தால் அதன் இணைப்பையும் பிடுங்கிவிடுங்கள். எர்த் கிளாம்பைப் பற்றும் இடத்துக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்பில் மாட்டுங்கள். சக்கரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து குண்டுகளைப் பொசுக்கும். விரிசலின் இரு முனைகளிலும் சிறிய துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, நடுவே வி வடிவில் கிரைண்ட் செய்து பற்றுங்கள். நாலாபுறமும் மூடிய குழாயாக இருந்தால் மறைவான இடத்தில் ஒரு காற்றுத் துளை வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே சூடான காற்று கடைசிப் பற்றை ஊதித் தள்ளிவிடும். உப்புத் தண்ணீர் குடித்த குழாயைக் கழுவி, வெயிலில் காயவைக்காமல் தொடவே தொடாதீர்கள். துரு தின்று தகடாகிப்போன பகுதியை அறுத்து எடுத்துப் புதுக் குழாய் வையுங்கள், மேலே பட்டை ஒட்டி மூடாதீர்கள். முடிந்த பிறகு வாடிக்கையாளர் எவ்வளவு கேட்டாலும் பற்றைக் கிரைண்டர் போட்டுச் சமமாக்கித் தராதீர்கள். அந்த மேட்டைச் சீவும்போது பற்றின் கனமும் பலமும் குறைந்துபோகலாம். அதைச் சீவிவிட்டு அழகு கேட்பவர்களிடம் நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

சட்டத்தையும் மனதில் வையுங்கள். உடைந்ததைப் பழைய வடிவத்திலேயே சரிசெய்வது வேறு, பின்பக்கத்தை வெட்டிக் குட்டையாக்குவதும் கழுத்தின் (ஹேண்டில்பார் திரும்பும் முன்பக்கக் குழாயின்) சாய்வை மாற்றுவதும் வேறு. பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை செய்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்குக் கிடைக்கலாம். சேஸிஸ் எண் பெரும்பாலும் கழுத்துக் குழாயில்தான் குத்தியிருக்கும். அதன் பக்கத்தில் கிரைண்டரைக் கொண்டுபோகாதீர்கள்.

மெஷின் வந்ததும் பழைய இரும்புக் கடையில் பைக் குழாய் கனத்திலேயே துண்டுகள் எடைக்கு வாங்கி, ஒன்றின் முனையை மற்றொன்றின் வளைவில் உட்காரும்படி அரைத்துப் பற்றுங்கள். வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடியுங்கள். பற்று பிட்டுக்கொண்டு வராமல் குழாய் மடங்கும் வரை அதையே செய்துகொண்டிருங்கள். பிறகு ஸ்டாண்டு, கேரியர், கிராஷ் கார்டு. அவை நின்றால் பின்பக்கச் சட்டம். கழுத்துக் குழாயில் விரிசலோடு வரும் வண்டியை மட்டும், கை நன்றாகப் படியும் வரை, ஜிக் வைத்திருக்கும் அனுபவமுள்ள பட்டறைக்கு அனுப்பிவிடுங்கள். இப்போது கையில் என்ன வண்டி, எந்தக் குழாய், எத்தனை மி.மீ. கனம் என்று கீழே எழுதினால், எந்த ராடு, எத்தனை ஆம்பியர் என்று சொல்கிறேன்.