கடல் இல்லாத ஊரிலிருந்து படகுத்துறை வேலைக்கு: பாரம் தூக்குவது பற்றிக் கேள்வி பதில்

ராணிப்பேட்டை பெல் ஆலையையும் சிப்காட்டையும் சுற்றி ஃபேப்ரிகேஷன் (இரும்பை வெட்டி இணைத்துச் செய்வது), எரெக்ஷன் (செய்ததைத் தூக்கி நிறுத்துவது) வேலை கற்றவர்கள் நிறைய. அவர்களில் பலர் இப்போது மிதவை, நடைபாலம், வண்டி ஏறும் பாலம் நிறுவும் வேலைகளுக்குப் போகிறார்கள். என் வேலைக்காலம் முழுக்க எரெக்ஷனில்தான் போனது. எனக்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

லிங்க்ஸ்பான் என்கிறார்களே, அது சாதாரணப் பாலம்தானே அண்ணே? (ஃபிட்டர், வாலாஜாப்பேட்டை)

இல்லை தம்பி. கரையிலிருந்து கப்பலுக்கு வண்டி ஏறி இறங்கும் பாலம் அது. அதன் ஒரு முனை கரையில் கீல் போல பின்னில் உட்காரும். மறுமுனை கடல் மட்டத்தோடு ஏறி இறங்க வேண்டும். அந்த முனையை ஹைட்ராலிக் சிலிண்டரோ விஞ்ச்சோ மிதவையோ தாங்கும். குஜராத்தில் கோகா துறை இருக்கும் காம்பே வளைகுடாவில் ஓதத்துக்கும் (நீர் ஏறி நிற்பது) வற்றத்துக்கும் (நீர் இறங்கி நிற்பது) உள்ள வித்தியாசம் 10 மீட்டரை ஒட்டி வரும். பாலம் நீளமாக இல்லாவிட்டால் சரிவு செங்குத்தாகிவிடும், வண்டி ஏறாது. கொச்சியில் அந்த வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர்தான். அதனால் 2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ படகுச் சேவையில் மிதவையும் சிறு நடைபாலமுமே போதுமானதாக இருக்கிறது.

100 டன் கிரேன் வாடகைக்கு எடுத்தோம். 30 டன் நடைபாலத்தைத் தூக்க முடியாது என்கிறார் ஆபரேட்டர். ஏமாற்றுகிறாரா? (சப் கான்ட்ராக்டர், ஆற்காடு)

அவர் சொல்வதுதான் சரி. அவரை நெருக்காதீர்கள். 100 டன் என்பது பூம் என்னும் கிரேன் கையைக் குறுக்கி, பாரத்தைக் கிரேனின் காலடியில் வைத்துத் தூக்கும் கணக்கு. படகுத்துறையில் கிரேனை விளிம்பில் நிறுத்த முடியாது. அவுட்ரிக்கர் (கிரேன் ஊன்றும் கால்) அழுத்தத்தில் கரைச்சுவரே சரியலாம் என்பதால் உள்ளே தள்ளித்தான் நிறுத்துவார்கள். பாரமோ தண்ணீருக்கு மேல் போய் இறங்க வேண்டும். ரேடியஸ், அதாவது கிரேன் நடுவிலிருந்து பாரம் தொங்கும் தூரம், கூடக் கூட லோடு சார்ட்டில் (எந்தத் தூரத்தில் எத்தனை டன் என்ற அட்டவணை) டன் மளமளவென்று இறங்கும்.

அடுத்தது, அந்த 30 டன் எங்கிருந்து வந்த கணக்கு? வரைபடத்தில் போட்ட எடையா? கைப்பிடி, கேபிள் டிரே, விளக்குக் கம்பம், தரைத்தகடு எல்லாம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 10 மி.மீ. தகடு ஒரு சதுர மீட்டருக்கு 78.5 கிலோ. கடைசி நேரத்தில் தளத்துக்கு ஒரு தகடு கூடுதலாகப் போட்டால்கூட 40 சதுர மீட்டருக்கு 3 டன்னுக்கு மேல் ஏறிவிடும். கொக்கி பிளாக், ஸ்லிங் (பாரத்தைக் கட்டும் பெல்ட் அல்லது வடம்), ஸ்ப்ரெடர் பீம் (ஸ்லிங்கை விரித்துப் பிடிக்கும் உத்திரம்) எடையையும் பாரத்தோடு கூட்ட வேண்டும். என்னைக் கேட்டால், லாரியில் ஏற்றும்போதே லோடு செல் (எடை காட்டும் கருவி) மாட்டி எடை பார்த்துவிடுங்கள். கணக்கு தப்பென்றால் யார்டிலேயே தெரியட்டும், கடலுக்கு மேல் தொங்கும்போது தெரிய வேண்டாம்.

பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) மேல் நிற்கும் கிரேன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பாரம் ஏறியதும் பார்ஜ் சாயும், ரேடியஸ் தானாகவே கூடும், பூமுக்குப் பக்கவாட்டு இழுப்பும் வரும். தரைக்குப் போட்ட சார்ட் அங்கே செல்லாது. பார்ஜுக்கென்று தனி சார்ட் கேட்டு வாங்குங்கள்.

10 டன் பாரத்துக்கு 5 டன் தூக்கும் பெல்ட் இரண்டு போட்டால் போதுமா சார்? (ஐ.டி.ஐ. மாணவர், குடியாத்தம்)

போதாது. இரண்டும் நேர் செங்குத்தாகத் தொங்கினால்தான் ஆளுக்கு 5 டன். ஒரே கொக்கியில் மாட்டினால் பெல்ட் சாயும். படுக்கைக் கோட்டிலிருந்து 60 டிகிரி என்றால் ஒவ்வொன்றிலும் 5.8 டன், 45 டிகிரியில் 7.1 டன், 30 டிகிரியில் முழு 10 டன். 60க்குக் கீழே இறங்கவே விடாதே. பெல்ட் நிறம் ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5. ஆனால் நிறத்தை மட்டும் நம்பாமல் தையலில் உள்ள சீட்டைப் படி. சீட்டு கிழிந்துபோன பெல்ட்டைத் தொடவே தொடாதே.

மிதவை நிறுவ அஷ்டமி, நவமியில் நாள் குறித்திருக்கிறார்கள். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். (பொறியாளர், காட்பாடி)

நாள் குறித்தவருக்குக் கடல் தெரிந்திருக்கிறது அம்மா. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதம் மிக உயரும், வற்றமும் மிக ஆழமாகப் போகும், நீரோட்டமும் வேகம். அஷ்டமியில் பாதி நிலா. அப்போதும் அடுத்த ஓரிரு நாளும் ஏற்ற இறக்கம் குறைவு, நீரோட்டம் மெல்ல ஓடும். மிதவையின் வளையத்தைப் பைல் கம்பத்தில் (கடலடியில் அடித்து நிறுத்திய தூண்) நுழைக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

பாலத்தைப் பார்ஜில் கொண்டுவந்து பேரிங் (பாலம் உட்காரும் இருக்கை) மேல் உட்கார வைப்பதென்றால் ஓதத்தையே ஜாக்கியாகப் பயன்படுத்தலாம். நீர் உயர்ந்திருக்கும்போது பாலத்தை இருக்கைக்கு மேலே நிறுத்திவிட்டால், நீர் வற்ற வற்ற அது தானாக இறங்கும். அதற்கு ஏற்ற இறக்கம் கொஞ்சம் வேண்டும், அஷ்டமி சரிப்படாது. எந்த வேலை என்று பார்த்து, அந்தத் துறையின் ஓத அட்டவணையை வைத்து முடிவு செய்யுங்கள். காற்றையும் சேர்த்துப் பாருங்கள். பரப்பு பெரிதான பாரத்துக்குக் கிரேன் கையேட்டில் சொன்ன வேகத்துக்கு முன்பே நிறுத்துவது நல்லது.

பழைய மிதவையைத் தூக்கும்போது கிரேன் அலாரம் அடித்தது. எடை முன்பு சரியாகத்தானே இருந்தது? (ரிக்கர், அரக்கோணம்)

உள்ளே தண்ணீர் இருக்கும். கடல்நீர் ஒரு கன மீட்டர் சுமார் 1,025 கிலோ. அடியில் ஒட்டிய சிப்பியும் எடைதான். முதலில் அறை அறையாக மூடியைத் திறந்து பம்ப் போடுங்கள்.

மகனுக்கு நீச்சல் தெரியாது. மிதவை வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அனுப்பலாமா ஐயா? (தாய், ஆம்பூர்)

அனுப்பலாம் அம்மா, ஆனால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்க மாட்டேன் என்று அவர் சொல்ல வேண்டும். பூட்ஸும் சேஃப்டி பெல்ட்டும் போட்டு விழுந்தால் நீச்சல்காரனுக்கே கஷ்டம். வேலை நடக்கும்போது பக்கத்தில் மீட்புப் படகு ஒன்று ஆளோடு நிற்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். பாரத்துக்கும் கரை விளிம்புக்கும் நடுவில் ஒருபோதும் நிற்கக் கூடாது.

பாலத்தை ராணிப்பேட்டையிலேயே செய்து முழுசாகக் கொண்டுபோகலாமா? (ஷாப் சூப்பர்வைசர், முத்துக்கடை)

அகலம் கூடினால் தனி அனுமதி, புல்லர் (இழுவை வண்டி), ஹைட்ராலிக் டிரெய்லர், வழியில் மின்கம்பி தூக்க ஆள் என்று செலவு ஏறும். துண்டாக அனுப்பி அங்கே போல்ட் போடுங்கள். ஆனால் கால்வனைசிங்குக்கு (துத்தநாகப் பூச்சு) அனுப்பும் முன் இங்கேயே ஒருமுறை முழுசாகச் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும். துறைமுகத்தில் போய் ஓட்டை சேரவில்லை என்று கேஸ் கட்டிங் வைத்தால் துத்தநாகம் போய்விடும், உப்புக்காற்று அந்த இடத்தில்தான் முதலில் துரு பிடிக்க வைக்கும்.